ஜனநாயகங்களின் பட்டியலும் மருதையாற்றுப் பாலமும்

உலகின் முன்னணி ஜனநாயக நாடுகள் தமக்கெனத் தனிக் கூட்டணி ஒன்றை அமைத்துக்கொள்ள வேண்டும் என்னும் யோசனை புதிதன்று. ஜெனீவாவில் பன்னாட்டுச் சங்கம் செயலிழந்து போனதை அருகிருந்து கண்ட அமெரிக்கப் பத்திரிகையாளர் கிளாரன்ஸ் ஸ்ட்ரைட், 1939இல் 'யூனியன் நவ்' என்னும் நூலை வெளியிட்டார். அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் முதலிய 15 ஜனநாயகங்கள் ஒரே கூட்டாட்சியாக இணைந்துவிட்டால் சர்வாதிகாரிகள் போருக்குத் துணியமாட்டார்கள் என்பது அவர் வாதம்.

அப்பட்டியலில் நாம் இல்லை. பட்டியலில் இருந்தோரின் உடைமையாக இருந்தோம். குடியேற்ற நாடுகளின் கோடிக்கணக்கான மக்களைக் கணக்கில் சேர்க்காததால்தான் இப்பேரரசுகள் ஜனநாயகங்களாகத் தோன்றுகின்றன என்பதை, பீகாரின் மோதிகாரியில் பிறந்த ஜார்ஜ் ஆர்வெல் அவ்வாண்டே சுட்டிக்காட்டினார். அடுத்து நடந்தது அதற்குச் சான்றாயிற்று. செப்டம்பரில் இந்தியத் தலைவர்களைக் கலந்துகொள்ளாமலே இந்தியாவைப் போரில் இறக்கியது பிரிட்டன். அதைக் கண்டித்து அக்டோபரில் ராஜாஜியின் சென்னை மாகாண அமைச்சரவை பதவி விலகியது.

பிற்காலத்தில் நிலைமை தலைகீழாயிற்று. 2000இல் வார்சாவில் ஜனநாயகங்களின் சமூகம் உருவானபோது அதைக் கூட்டிய நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. 2007இல் அமெரிக்க செனட்டர் ஜான் மெக்கெயின் ஜனநாயகங்களின் கழகம் ஒன்றை முன்மொழிந்தார். 2020இல் பிரிட்டிஷ் பிரதமர் போரிஸ் ஜான்சன், ஜி-7 நாடுகளுடன் இந்தியா, தென் கொரியா, ஆஸ்திரேலியா சேர்ந்த பத்து நாடுகளின் அணி குறித்துப் பேசினார். 2021 டிசம்பரில் அமெரிக்க அதிபர் ஜோ பைடன் ஜனநாயக உச்சி மாநாட்டைக் கூட்டினார்.

ஆயினும் பட்டியலிடுவது யார், எந்த அளவுகோலால் என்னும் பழைய கேள்வி தீரவில்லை. பைடனின் மாநாட்டுக்குப் பாகிஸ்தானுக்கு அழைப்பு உண்டு, இலங்கைக்கு இல்லை. ஸ்வீடனின் வி-டெம் ஆய்வு நிறுவனம் இந்தியாவைத் 'தேர்தல்வழி எதேச்சதிகாரம்' என வகைப்படுத்திய அதே 2021இல்தான் இந்தியாவுக்கும் அழைப்பு வந்தது. அழைப்பு ஒருவகை, அளவீடு வேறுவகை என்றால், பட்டியலை எழுதுவது கொள்கையைக் காட்டிலும் ராஜதந்திரத் தேவையே எனலாம்.

வேறோர் அளவுகோல் நம் மண்ணில் உண்டு. பச்சைமலையில் தோன்றிப் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகள் வழியாகக் கொள்ளிடத்தில் கலக்கும் மருதையாறு, 1956 நவம்பர் 23 அன்று பெருவெள்ளத்தில் அரியலூர் அருகே ரயில் பாலத்தைச் சிதைத்தது. சென்னையிலிருந்து வந்த தூத்துக்குடி விரைவு ரயில் ஆற்றில் கவிழ்ந்து 140க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி தார்மீகப் பொறுப்பேற்றுப் பதவி துறந்தார். விபத்துக்கு அவர் நேரடிக் காரணமல்லர் என்பதை நேரு அறிவார். எனினும் அரசியல் சாசன மரபுக்கு முன்னுதாரணமாகட்டும் என விலகலை ஏற்றார்.

அதற்கு எந்தக் கூட்டணியின் அங்கீகாரமும் தேவைப்படவில்லை. இறந்தவர்கள் வாக்குரிமை பெற்ற ஒரு குடியரசின் மக்கள்; ஆள்பவர் அவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்னும் உணர்வே போதுமானதாயிருந்தது. 1939இல் நம்மை ஆண்டவர்களிடம் நம்மளவில் இல்லாதது இதுவே. எனவே நாளை எந்த ஜனநாயக அணி அமைந்தாலும், அதில் நமக்கு இடம் உண்டா என்று கேட்பதற்கு முன், இங்கே ஒரு பாலம் இடிந்தால் பதில் சொல்ல யாரேனும் முன்வருகிறாரா என்று நாம் கேட்பது நலம்.