வள்ளியின் குலப்பெயர்

புதுச்சேரியில் கதிர்காமம் என்று சொல்லி ஆட்டோ ஏறினால், இன்றைக்கு இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி வாசலில்தான் கொண்டுபோய் இறக்குவார்கள். கல்லூரி நேற்று வந்தது. ஊர்ப்பெயரோ கடல் கடந்து வந்தது. இலங்கையின் தென்கிழக்கில், மாணிக்க கங்கைக் கரையில் இருக்கும் முருகன் தலத்தின் பெயர் இங்கே உழவர்கரைப் பக்கம் குடியேறியிருக்கிறது. பாலி மொழியிலுள்ள மகாவம்சம் அந்தத் தலத்தைக் ‘காஜரகாம’ என்கிறது, சிங்களத்தில் ‘கதரகம’. வடமொழியின் ‘கிராம’ பாலியில் ‘காம’ ஆகும். ஆகவே கதிர்காமத்தின் காமம் வெறும் ஊர்தான். தமிழ் அடியார்கள் வேறு பொருள் கண்டார்கள். கதிர் என்றால் ஒளி, காமம் என்றால் காதல். வள்ளிமேல் முருகன் கொண்ட காதல் கனிந்த இடம் என்றார்கள். மொழிநூல் இதை ஏற்காது. ஆனால் தலத்தின் வழிபாடு ஏற்கிறது: ஆண்டுத் திருவிழாவில் முருகன் சன்னதியிலிருந்து ஊர்வலம் புறப்பட்டு வள்ளியம்மன் சன்னதிக்குத்தான் போகிறது.

அந்த வள்ளி குறவர் வளர்த்த பிள்ளை. வள்ளிக் கிழங்கு அகழ்ந்த குழியில் கிடைத்தவளை நம்பிராசன் எடுத்து வளர்த்தான், தினைப்புனம் காத்தாள், குறமகள் என்றும் குறத்தி என்றும் பக்தர்கள் உருகி அழைக்கிறார்கள். இலங்கை வேடர்கள் அவள் தங்கள் வீட்டுப் பெண் என்கிறார்கள். அவளுடைய குலப்பெயர் பிற்பாடு ஒரு சட்டப் பட்டியலில் ஏறியது. அந்தப் பெயரோடு பிறப்பதே போலீசுக்குப் போதுமான காரணமானது. பெயர் அங்கே போன வழியைத்தான் இங்கே எழுத வந்தேன்.

பழைய இலக்கியத்தில் குறவர் என்ற பெயருக்கு ஒரு மாசும் கிடையாது. குறிஞ்சி நிலத்து மக்கள் அவர்கள். ஐங்குறுநூற்றில் கபிலர் பாடிய குறிஞ்சிப் பகுதியில் ‘குன்றக் குறவன் பத்து’ என்றே ஒரு பத்து இருக்கிறது. குன்றவர் என்பதே குறவர் ஆயிற்று என்று கொள்வோர் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி பாடியபோது, குறி சொல்லவரும் குறத்தி நாடெல்லாம் கண்டவள், மலைவளம் அறிந்தவள், தலைவியின் கையைப் பிடித்து உரிமையோடு பேசுகிறவள். குறி சொல்லும் தொழில் அவர்களுடைய தெலுங்குப் பெயரிலும் இருக்கிறது. ஆந்திரத்தில் அவர்கள் எருகலர். ‘எருக’ என்றால் அறிவு, குறி. கன்னடத்தில் கொரமர், கொரசர். ஊர் ஊராக நடந்த மக்களுக்கு ஊருக்கொரு பெயர் சேர்ந்தது.

அப்படி நடந்தவர்களில் உப்புக் குறவர் முக்கியமானவர்கள். கடற்கரை உப்பைக் கழுதையிலும் மாட்டிலும் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய் தானியத்துக்கு மாற்றுவார்கள். வண்டிப்பாதை போகாத ஊருக்கும் உப்புப் போனது இவர்களால்தான். பிறகு உப்பு அரசின் பிடிக்குள் போனது. அதில் புதுச்சேரிக்கும் ஒரு பங்கு உண்டு: பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பை வாங்கும் தனியுரிமையை ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய்க்கு 1815 ஒப்பந்தத்தில் பிரான்சு ஆங்கிலேயருக்குக் கொடுத்துவிட்டது. ரயில் வந்தது. 1876-78 தாது வருஷப் பஞ்சம் கால்நடைகளைக் கொன்றது. சென்னை மாகாணக் குறவர்களைப் பற்றி விரிவாக ஆராய்ந்த மீனா ராதாகிருஷ்ணா, பிழைப்பைப் பறிகொடுத்த இந்த வணிகர்களே பிறகு குற்றக் கூட்டம் என்று பார்க்கப்பட்டதை ஆவணங்களோடு காட்டியிருக்கிறார். கழுதையும் பொதியுமாக நடந்தபோது வியாபாரி. பொதி போனபின் அதே நடை, அதே பாதை, போலீஸ் கண்ணுக்குச் சந்தேகம்.

அந்தச் சந்தேகத்துக்கு 1871இல் சட்டம் வந்தது. வடக்கே முதலில் நடைமுறையான அது 1911இல் திருத்தி எழுதப்பட்டபோதுதான் சென்னை மாகாணத்துக்கு வந்தது. தச்சன் மகன் தச்சன், நெசவாளி மகன் நெசவாளி என்றால் திருடன் மகன் திருடனாகத்தானே இருப்பான் என்பது அன்றைய அதிகாரிகளின் வாதம். ஒரு சாதியோ கூட்டமோ வழக்கமாகக் குற்றம் செய்கிறது என்று அரசு நம்பினால் அறிவிப்பு வெளியிடலாம். அந்த அறிவிப்பு சரியா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. அதன்பின் பதிவு, கைரேகை, குறித்த நேரத்தில் ஆஜராவது, ஊரைவிட்டுப் போக அனுமதி. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கவும் வழி இருந்தது.

ஆங்கிலத்தில் இதற்கு இட்ட பெயரில் பரம்பரை என்ற சொல் இல்லை. குற்ற இனம் என்பதுதான் அதன் நேர்ப்பொருள். தமிழில் அது ‘குற்றப்பரம்பரை’ ஆனது. தமிழ்ச் சொல் சட்டத்தின் உள்ளத்தைத் திறந்து காட்டிவிட்டது என்று நினைக்கிறேன். தாத்தாவிலிருந்து பேரனுக்கு இறங்கும் குற்றம் என்பதுதான் அதன் உள்ளடக்கம். அடிபட்ட மக்கள் அதை அந்தப் பெயரால் மட்டும் அழைக்கவில்லை. மதுரைப் பக்கம் அது ‘ரேகைச் சட்டம்’. கட்டைவிரலில் மை தடவியதை வைத்து இட்ட பெயர். வெளியூர் போகக் கையில் வைத்திருக்க வேண்டிய அனுமதி ‘ராதாரிச் சீட்டு’. ராதாரி பாரசீகச் சொல். ‘ராஹ்’ என்றால் வழி. முகலாயர் காலத்தில் வழிச்சுங்கத்துக்கு இருந்த பெயர், மகளைப் பார்க்கப் பக்கத்து ஊருக்குப் போகும் கிழவனின் சீட்டுக்கு வந்து சேர்ந்தது.

1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். கள்ளர் விஷயத்தில் ஆங்கிலேயருக்குப் பெயரே சாட்சியாக உதவியது. சொல்லிலேயே களவு இருக்கிறதே என்றார்கள். அந்த மக்களுக்காக வாதாடிய பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்புக்கு அவர்கள் ‘ரோசாப்பூ துரை’ என்று பெயர் வைத்தார்கள். குறவர் பெயரில் களவு ஒலிக்கக்கூட இல்லை. ஆனாலும் பட்டியலில் ஏறினார்கள். இரட்சணிய சேனையின் பொறுப்பில் விடப்பட்ட குடியிருப்புகளுக்குக் குடும்பத்தோடு கொண்டுபோகப்பட்டார்கள். ஆந்திரக் கடலோரத்தில் எருகலருக்கு ஸ்டூவர்ட்டுபுரம் அமைந்தது. ஹரால்டு ஸ்டூவர்ட் என்ற ஆங்கில அதிகாரியின் பெயர் அது. புதுச்சேரியைச் சுற்றியிருந்த தென்னார்க்காட்டில் அஜீஸ்நகர்.

புதுச்சேரி எல்லைக்குள் அந்தச் சட்டம் நுழையவில்லை. இது பிரெஞ்சு மண். அதை வைத்துப் பிரான்சுக்கு நற்சான்று தரவேண்டியதில்லை. அல்ஜீரியாவில் காடு தீப்பிடித்தால் அக்கம்பக்கத்துக் குலங்கள் மொத்தத்தையும் பொறுப்பாக்கும் சட்டத்தை 1874இல் இயற்றியது அதே பிரான்சு.

இப்போது காலத்தைப் பாருங்கள். 1907இல் ஹேக் நகரில் போர் விதிகள் எழுதப்பட்டன. அதன் 50ஆம் விதி, தனிமனிதர்கள் செய்ததற்காகக் கைப்பற்றிய நாட்டின் மக்கள் மொத்தத்துக்கும் தண்டனையோ அபராதமோ விதிக்கக் கூடாது என்கிறது. பிரிட்டன் கையெழுத்திட்டு 1909இல் உறுதியும் செய்தது. இரண்டு ஆண்டு கழித்துச் சென்னை மாகாணத்துக்குக் குற்றப்பரம்பரைச் சட்டம். எதிரி நாட்டுக் குடிமகனுக்குத் தாளில் கிடைத்த பாதுகாப்பு சொந்தப் பிரஜையான குறவனுக்கு இல்லை. ஹேக் விதி போர்க்களத்துக்கு எழுதியது, அமைதிக் காலத்தில் தன் குடிகளை என்ன செய்தாலும் அது உள்நாட்டு விஷயம்.

இன்னொன்று இதைவிட உறைக்கும். இரண்டாம் உலகப்போருக்குப் பின் நியூரம்பர்க் நீதிமன்றம் 1946இல் ஹிட்லரின் எஸ்.எஸ்., கெஸ்டாபோ முதலிய அமைப்புகளைக் குற்ற அமைப்புகள் என்று அறிவித்தது. யூதர்களை லட்சம் லட்சமாகக் கொன்ற அமைப்புகள். அங்கேகூட நீதிபதிகள் ஒரு வரம்பு கட்டினார்கள்: அமைப்பின் குற்றநோக்கம் தெரியாமல் சேர்ந்தவர், கட்டாயத்தின் பேரில் அரசு சேர்த்தவர், தாமே குற்றம் செய்யாதிருந்தால், அமைப்பில் இருந்தார் என்பதற்காக மட்டும் குற்றவாளி ஆகமாட்டார். குற்றம் தனிமனிதனுடையது, கூட்டாகத் தண்டிக்கக் கூடாது என்றார்கள். எஸ்.எஸ். சீருடை போட்டவனுக்கு அறிந்து, விரும்பிச் சேர்ந்தானா என்ற கேள்வியாவது உண்டு. அதே 1946இல் தென்னார்க்காட்டில் பிறந்த குறவர் குழந்தைக்கு அந்தக் கேள்வி கிடையாது. யாரும் தன் தாய்வயிற்றில் விரும்பிச் சேர்வதில்லை.

1949 ஜெனீவா ஒப்பந்தம் இன்னும் தெளிவாகச் சொன்னது: தான் செய்யாத குற்றத்துக்காக யாரையும் தண்டிக்கக் கூடாது, கூட்டுத் தண்டனை கூடாது. உலகச் சட்டம் கூட்டுப் பொறுப்பை அடியோடு கைவிட்டுவிடவும் இல்லை. அரசு என்ற அமைப்பு முழுதாகப் பொறுப்பேற்கும். அதன் போலீஸ்காரர், அதிகாரி, சட்டமன்றம் யார் செய்தாலும் அது அரசின் செயல், ஈடு செய்ய வேண்டியது அரசு என்று ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஆணையம் 2001இல் வகுத்த விதிகள் கூறுகின்றன. ஆகக் கூட்டாகச் சுமக்க வேண்டிய கூட்டம் ஒன்று உண்டு. அது ஆளும் அமைப்பு. குற்றப்பரம்பரைச் சட்டம் அந்தச் சுமையைத் தலைகீழாக மாற்றி, ஆளப்பட்டவர்களில் மிக எளியவர் தலையில் ஏற்றியது.

சென்னை மாகாணம் 1947இலும் இந்திய அரசு 1952 ஆகஸ்ட் 31இலும் சட்டத்தை நீக்கின. பெயரை என்ன செய்வது? பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டவர் என்பதற்குத் தமிழ்நாடு ‘சீர்மரபினர்’ என்ற சொல்லைத் தேர்ந்தது. பரம்பரை மரபானது, குற்றம் இருந்த இடத்தில் சீர் வந்தது. நல்ல சொல். ஆனால் 1979இல் ஓர் அரசாணை சீர்மரபினப் பழங்குடியினர் என்பதைச் சீர்மரபின வகுப்பினர் என்று மாற்றியது. நாற்பது ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 2019இல் இரண்டு பெயரிலும் சான்றிதழ் என்றானது. தமிழ்நாட்டின் சீர்மரபினர் பட்டியலை எடுத்துப் படியுங்கள்: கந்தர்வகோட்டைக் குறவர், தோகமலைக் குறவர், ஆத்தூர் கீழ்நாட்டுக் குறவர், ஆத்தூர் மேல்நாட்டுக் குறவர், பொன்னைக் குறவர், சேலம் உப்புக் குறவர், இஞ்சிக் குறவர். ஒரே மக்கள், பெரும்பாலும் எந்த ஊர்ப் பக்கம் கண்காணித்தார்களோ அந்த ஊரை ஒட்டிப் பெயர். பல பெயர்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் மாவட்டங்கள். பட்டியல் சாதியினரில் ‘குறவன், சித்தனார்’ என்று மீண்டும் வருகிறார்கள், பழங்குடியினரில் ‘மலைக்குறவன்’. இதற்கு நடுவே, வாக்ரிபோலி பேசும் வேறொரு மக்களுக்கு நரிக்குறவர் என்று பெயர் ஒட்டியதால் குழப்பம் கூடியது.

சட்டம் போனாலும் வழக்கம் போகவில்லை. குற்றப்பரம்பரைச் சட்டம் நீங்கிய மறு ஆண்டே, 1948இல், சென்னையில் வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்துவிட்டது. எங்கோ நகை காணாமல் போனால் ‘சந்தேக கேஸ்’ என்று குறவர் வீட்டிலும் இருளர் வீட்டிலும் ஆள் தூக்குவது விழுப்புரம், கடலூர்ப் பக்கம் எல்லாரும் அறிந்த கதை. 1993இல் விருத்தாசலத்தை அடுத்த முதனையிலிருந்து திருட்டு வழக்கில் அழைத்துச் செல்லப்பட்ட குறவர் ஒருவர் போலீஸ் காவலில் இறந்தார். ‘ஜெய் பீம்’ படமாக வந்தது அந்த வழக்குதான். திரையில் அவர் இருளர். பலர் அந்தப் படத்தைப் பார்த்து அழுதோம். இறந்தவரின் குலப்பெயர் அங்கேயும் விடுபட்டுப் போனது.

இந்தியா 1968இல் ஏற்ற இனப்பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கையின் குழு, 2007இல், வழக்கமான குற்றவாளிகள் சட்டத்தை நீக்கி இம்மக்களுக்கு மறுவாழ்வு கொடுங்கள் என்று இந்திய அரசிடம் கேட்டது. பல மாநிலங்களில் அது இன்னும் நீங்கவில்லை. 2024 அக்டோபர் 3 அன்று, சிறைகளில் சாதிப் பாகுபாடு பற்றிய சுகன்யா சாந்தா வழக்கில், ஒரு சமூகத்தை முழுதாகக் குற்றவாளி என்று முன்பு அறிவித்ததும் தவறு, இன்று வழக்கமான குற்றவாளி என்று நடத்துவதும் தவறு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சிறைக் கையேடுகளில் இருந்த அத்தகைய விதிகளை ரத்து செய்தது. எனக்கு இந்தத் தீர்ப்பு பெருங்காமநல்லூருக்கும் அஜீஸ்நகருக்கும் எழுதிய பதிலாகவே படுகிறது. நூறாண்டு தாமதமான பதில்.

நீதிமன்றம் செய்ய முடியாத ஒன்றை நாம் செய்யலாம். ‘கேப்மாரி’ என்று பஸ்ஸிலும் கல்லூரியிலும் திட்டுகிறோம். 2019இல் ஒரு சினிமாவுக்கே அது தலைப்பு. அது வசவாகப் பிறந்த சொல் இல்லை. சீர்மரபினர் பட்டியலில் தோகமலைக் குறவரோடு சேர்த்தும் தனியாகவும் எழுதியிருக்கும் ஒரு சமூகத்தின் பெயர். வசனம் எழுதுகிறவர்கள் அதைத் தொடாதீர்கள். ஆசிரியர்கள் வகுப்பில் அதைக் கேட்டால் நிறுத்துங்கள். அந்தப் பெயரைச் சான்றிதழில் வைத்திருக்கும் பிள்ளைகள் அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்.