தொலைப்பணியும் விரிகுடா ரயிலும்: ஒரு வருவாய் ஏற்பாட்டின் வரலாறு

வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் வழக்கம் பெருகியதால் பொதுப் போக்குவரத்து நலிந்தது என்ற கருத்து பரவலாக உள்ளது. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியின் ‘பார்ட்’ மின்ரயில் வரலாற்றை ஆராய்ந்தால், அது பாதிதான் உண்மை என்பது புலப்படும். ஒரே வகைப் பயணியை நம்பி வடிவமைத்து, அவர் தரும் கட்டணத்தைக் கொண்டே நடத்தியதுதான் அந்த ரயிலின் பலவீனம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1957-இல் பார்ட் போக்குவரத்து மாவட்டம் என்ற பொது அமைப்பு நிறுவப்பட்டது. 1962 நவம்பரில் மூன்று கவுண்டிகளின் வாக்காளர்கள் 79.2 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு ஒப்புதல் தந்தனர். 1972 செப்டம்பரில் ரயில் ஓடத் தொடங்கியது. 1974-இல் விரிகுடாவின் அடியில் செல்லும் குழாய்ப்பாதை திறக்கப்பட்டது. புறநகர் நிலையங்களை வாகன நிறுத்துமிடங்கள் சூழ்ந்திருந்தன. பாதைகள் சான் பிரான்சிஸ்கோவின் மார்க்கெட் தெரு அலுவலகக் கட்டடங்களை நோக்கிக் குவிந்தன. காலையில் போய் மாலையில் திரும்பும் அலுவலரே திட்டமிட்டவர்கள் மனத்தில் இருந்த பயணி. தூரத்துக்கேற்பக் கட்டணம் என்பதால் அதிகம் செலுத்தியவர்களும் தொலைவிலிருந்து வந்த அலுவலர்கள்தான்.

இதே காலத்தில்தான் தொலைப்பணி என்ற கருத்தும் உருவானது. விண்வெளித் துறைப் பொறியாளராக இருந்து தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துக்கு வந்த ஜாக் நில்ஸ், 1973-இல் அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரைச் சூட்டினார். காப்பீட்டு நிறுவன ஊழியர்களை வைத்து அவர் செய்த ஆய்வு, வீட்டுக்கு அருகில் சிறு கிளை அலுவலகங்களை அமைப்பது பற்றியது. சாலை நெரிசலைக் குறைப்பதே நோக்கம். இதை அழுத்திச் சொல்ல வேண்டும்: தொலைப்பணி குறிவைத்தது காரை, பின்னாளில் பேரிழப்பு ரயிலுக்கு. 1980-களின் இறுதியில் கலிபோர்னிய அரசே தன் ஊழியர்களிடையே இதைச் சோதித்துப் பார்த்தது. தகவல்தொடர்பு வளரும்போது பயணமும் சேர்ந்தே வளர்கிறது என்று போக்குவரத்து ஆய்வாளர் பட்ரீசியா மொக்தாரியன் தொடர்ந்து காட்டிவந்தார். 2019-இலும் அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறத்தாழ 6 விழுக்காட்டினரே பெரும்பாலும் வீட்டிலிருந்து உழைத்தனர். 2021-இல் அது 18 விழுக்காட்டை நெருங்கியது.

2020 மார்ச் மாதம் கொரோனா பெருந்தொற்றால் வீடடங்கு ஆணை வந்தபோது, அரை நூற்றாண்டாக மெல்ல நகர்ந்த மாற்றம் சில நாட்களில் நடந்து முடிந்தது. வாரநாளில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஏறிய ரயிலில் ஏப்ரலில் ஏறத்தாழ 6 விழுக்காட்டினரே மிஞ்சினர். காணொளிச் சந்திப்புச் சேவை தரும் ஜூம் நிறுவனத்தின் ஊரான சான் ஹோசேக்குப் பார்ட் முதன்முதலாக நீண்டது அதே ஆண்டு ஜூனில்தான். நாட்டின் பல பொதுப் போக்குவரத்து அமைப்புகளைவிடப் பார்ட் கட்டணத்தை அதிகம் நம்பியிருந்தது. அதன் இயக்கச் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைப் பயணிகளே ஈட்டித் தந்தனர். அந்தத் தன்னிறைவு அதன் பெருமையாக இருந்தது. நெருக்கடியில் அதுவே அதைக் கவிழ்த்தது. கூட்டரசின் நிவாரண நிதி வராதிருந்தால் சேவையே முடங்கியிருக்கும்.

சான் பிரான்சிஸ்கோ நகரின் முனி பேருந்துகளைப் பாருங்கள். நகர மையத்துக்கு ஓடிய விரைவுத் தடங்கள் தேய்ந்தன. ஆனால் மிஷன் பே மருத்துவமனை வளாகத்தை எட்டும் 22 ஃபில்மோர் தடம் பின்னர் 2019-இன் அளவையும் தாண்டியது. செவிலியருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் சமையலருக்கும் திரைவழி வேலை கிடையாது. ‘பயணிகள் போய்விட்டார்கள்’ என்ற பேச்சில் இவர்கள் காணாமல் போவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. பார்ட்டிலும் வார இறுதிப் பயணம் வாரநாள் பயணத்தைவிட வேகமாக மீண்டது. திங்களும் வெள்ளியும் மந்தமாகவே இருந்தன. 2023 செப்டம்பர் கால அட்டவணை இதை ஏற்று, இரவிலும் வார இறுதியிலும் ரயில்களைக் கூட்டியது. அரை நூற்றாண்டுக்குப் பின் அலுவலரல்லாத பயணிக்குக் கிடைத்த அங்கீகாரம் அது.

அட்டவணை மாறினாலும் பணம் வரும் வழி மாறவில்லை. பொதுப் போக்குவரத்துக்கான விற்பனை வரியை வாக்காளர் முன் வைக்க வகைசெய்யும் மாநிலச் சட்டம் 2025-இல் கையெழுத்தானது. ரயிலில் ஏறாதவரும் ரயிலுக்குப் பங்களிக்க வேண்டும் என்ற கொள்கை சரியானது. ஆனால் விற்பனை வரியின் சுமை, வருமானத்தோடு ஒப்பிட்டால், ஏழைகள் மீதே அதிகம் விழும். பாரிஸ் வட்டாரத்தில் 1971 முதல் நிறுவனங்களிடமிருந்து ஊதியத் தொகையின் அடிப்படையில் போக்குவரத்து வரி பெறப்படுகிறது. ஊழியர் வீட்டிலிருந்து உழைத்தாலும் ஊதியம் உண்டு. எனவே வரியும் உண்டு. தொலைப்பணியால் அலுவலக வாடகையை மிச்சப்படுத்தும் நிறுவனங்கள் நிறைந்த விரிகுடாப் பகுதிக்கு இந்த வழியே பொருத்தமானது.