ஒரு மரதன் வீரரின் இதயம்

இளமை நிலையாதது என்பது தமிழறிஞர் நெடுங்காலமாக வற்புறுத்தி வந்த உண்மையாகும். நாலடியார், செல்வம் நிலையாமையைக் கூறியபின் இளமை நிலையாமைக்கென ஓர் அதிகாரத்தை வகுத்து, அதன் பின்னரே யாக்கை நிலையாமையைப் பேசுகின்றது. இம்முறைவைப்பு ஆழ்ந்து நோக்கத்தக்கது. இளமை கழிவது ஒன்று. உடல் அழிவது வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையே கிடக்கும் காலமோ நீண்டது. அக்காலத்தில் மனிதனுடைய உடல் எத்துணை உழைப்பைத் தாங்கும், எவ்வளவு கடந்தால் கேடுறும் என்னும் வினாவுக்கு விடை காண மேனாட்டு மருத்துவ உலகம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக முயன்று வந்திருக்கின்றது. அம்முயற்சியின் வரலாற்றிலே ஓர் அச்சுத் தொழிலாளியின் பெயர் நிலைபெற்று விளங்குகின்றது. கிளாரன்ஸ் டிமார் என்னும் அமெரிக்க ஓட்ட வீரரே அவர்.

அவருடைய வாழ்க்கையின் சிறப்பை உணர்வதற்கு, அவர் பிறந்த காலத்தில் நிலவிய ஓர் அச்சத்தை முதலில் அறிந்துகொள்ளுதல் வேண்டும். கடும் பயிற்சி இதயத்தைப் பெருக்கச் செய்து பாழாக்கிவிடும் என்ற எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே மருத்துவரிடையே வேரூன்றியிருந்தது. ‘விளையாட்டு வீரர் இதயம்’ என்ற பெயரே ஒரு நோயின் பெயர்போல வழங்கி வந்தது. இவ்வெண்ணத்தை ஆராய்ந்து பார்த்தவரும் இலர் எனல் ஆகாது. ஒக்ஸ்போட், கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகங்களின் படகோட்டப் போட்டிகளிற் கலந்துகொண்டோரின் பிற்கால வாழ்வைத் தேடியறிந்த மோகன் என்னும் ஆங்கில மருத்துவர், அவர்கள் அற்பாயுளில் மாண்டிலர் என்பதை 1873ஆம் ஆண்டிலேயே நூலாக வெளியிட்டார். 1897ஆம் ஆண்டிலே பொஸ்தன் நகரில் ஆண்டுதோறும் நிகழும் மரதன் ஓட்டம் தொடங்கியபின், அந்நகர மருத்துவர் சிலர் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் வீரரைச் சோதித்து, பெருத்துக் காணப்பட்ட இதயங்கள் கேடின்றி மீண்டும் தம் நிலையை அடைந்தமையைக் கண்டனர். ஆயினும் பழைய அச்சம் எளிதில் நீங்கவில்லை. 1909ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பெயர்பெற்ற மருத்துவர் சிலர், பாடசாலை மாணவர் ஒரு மைலுக்கு மேற்பட்ட ஓட்டப் போட்டிகளிற் கலந்துகொள்ளுதல் தகாது எனப் பத்திரிகை வாயிலாக எச்சரித்தனர்.

இத்தகைய சூழலிலேதான் டிமார் ஓடத் தொடங்கினார். அவர் 1888ஆம் ஆண்டு யூன் மாதம் 7ஆந் திகதி ஒகையோ மாநிலத்திற் பிறந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்தார். வறுமையுற்ற தாயார் பிள்ளைகளுடன் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தார். பொஸ்தன் துறைமுகத்திலுள்ள தீவொன்றில், ஆதரவற்ற சிறுவருக்குப் பயிர்த்தொழிலும் கைத்தொழிலும் கற்பித்த பாடசாலை ஒன்றிலே மகன் சேர்க்கப்பட்டான். பின்னர் வேர்மொன்ற் பல்கலைக்கழகத்தில் உழைத்துக்கொண்டே படித்த காலத்தில், 1909ஆம் ஆண்டளவில், ஓட்டப் பயிற்சியை மேற்கொண்டார். தாயைப் பேணும் பொருட்டுப் படிப்பை இடைநிறுத்தி அச்சுக்கூட வேலைக்குச் சென்றார். அடுத்த ஆண்டிலே பொஸ்தன் மரதன் ஓட்டத்தில் இரண்டாம் இடம் அவருக்குக் கிட்டியது.

1911ஆம் ஆண்டு ஓட்டத்துக்கு முன்னர் அவரைச் சோதித்த மருத்துவர்கள் அவருடைய இதயத்தில் ஒரு முணுமுணுப்பொலியைக் கேட்டனர். ஓட்டத்தைக் கைவிடுதலே நலம் என்பது அவர்கள் கூறிய அறிவுரை. இருபத்திரண்டு வயது இளைஞரான டிமார் அன்று ஓடினார், வென்றார், 2 மணித்தியாலம் 21 நிமிடம் 39 செக்கனில் ஓடி அவ்வோட்டத்தின் பழைய சாதனையையும் முறியடித்தார். ஆனால் மருத்துவர் சொன்ன சொல் அவர் உள்ளத்தில் நின்றது. 1912ஆம் ஆண்டு ஸ்ரொக்கோம் ஒலிம்பிக் விழாவில் பன்னிரண்டாவதாக வந்தார். அங்கே பயிற்சியாளர்கள் எல்லா வீரரையும் ஒரே அச்சில் வார்க்க முயன்றமை அவருக்குச் சற்றும் பிடிக்கவில்லை. அதன்பின் பல ஆண்டுகள் மரதன் ஓட்டத்தை அவர் பெரும்பாலும் நாடிற்றிலர். மருத்துவரின் எச்சரிக்கை ஒருபுறம்; போட்டியிற் பிறரை வெல்ல விழைவது சமயநெறிக்கு ஏற்குமோ என்ற ஐயம் மற்றொருபுறம்; மாலை வகுப்பும் அச்சுக்கூட வேலையும் முதலாம் உலகப் போர்க் காலத்துப் படைச்சேவையும் வேறொருபுறம். 1917ஆம் ஆண்டில் ஒருமுறை பொஸ்தனில் ஓடி மூன்றாம் இடத்தைப் பெற்றமையன்றி, ஓர் ஓட்ட வீரனுக்குச் சிறந்தவை எனக் கருதப்படும் ஆண்டுகள் வாளா கழிந்தன.

1922ஆம் ஆண்டிலே, முப்பத்து மூன்றாம் வயதில், அவர் மீண்டும் பொஸ்தன் வீதியில் இறங்கியபோது அவரைப் பழைய காலத்து மனிதர் என்றே பலர் கருதியிருத்தல் கூடும். அன்று அவர் 2 மணித்தியாலம் 18 நிமிடம் 10 செக்கனில் ஓடி, அப்பாதையில் அதுவரை எவரும் காட்டாத வேகத்தைக் காட்டினார். 1923, 1924ஆம் ஆண்டுகளிலும் வெற்றி அவருடையதே. 1924ஆம் ஆண்டுக் கோடையிற் பாரிஸ் ஒலிம்பிக் மரதன் ஓட்டத்தில் மூன்றாம் இடத்தைப் பெற்று வெண்கலப் பதக்கம் ஏந்தினார். அவ்வோட்டத்தில் முதல்வராக வந்த பின்லாந்து வீரர் ஸ்ரென்றூஸ் முப்பத்தைந்து வயதினர். டிமார் முப்பத்தாறு வயதினர். நெடுந்தூர ஓட்டம் இளைஞர்க்கே உரியதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அக்காலத்தில் இருந்ததில்லை.

ஈண்டு ஒரு விளக்கம் வேண்டப்படும். பொஸ்தன் பாதை 1923ஆம் ஆண்டுவரை இக்கால மரதன் தூரத்தினும் குறைந்ததாயிருந்தது. 1924ஆம் ஆண்டில் அது நீட்டப்பட்டது. 26 மைல் 385 யார் என்ற முழுத் தூரம் 1927ஆம் ஆண்டிலேயே நிறைவுற்றது. ஆகையால் டிமார் எடுத்துக்கொண்ட நேரங்களை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டு, அவர் மெலிந்தார் என்றோ வலுத்தார் என்றோ முடிவு செய்தல் பிழையாகும்.

1926ஆம் ஆண்டில் கனடா நாட்டு இளைஞர் ஜோன் மைல்ஸ், ஸ்ரென்றூஸையும் டிமாரையும் பின்னே விட்டு வெற்றி பெற்றார். ஒலிம்பிக் முதல்வர் இரண்டாவது, டிமார் மூன்றாவது. முதியோரின் காலம் முடிந்தது எனத் தோன்றிற்று. அடுத்த ஆண்டு ஓட்ட நாளில் வெப்பம் கடுமையாயிருந்தது. பாரம் குறைதற்பொருட்டு அடித்தோல் செதுக்கப்பட்ட காலணிகளை அணிந்து வந்த மைல்ஸ், சுடுதாரிற் கால்கள் புண்பட்டு, சில மைல் தூரத்துக்குள் ஓட்டத்தைக் கைவிட நேர்ந்தது. பல ஆண்டுகளாகப் பாதையையும் பருவத்தையும் தம் உடலையும் கற்றிருந்த டிமாரோ வென்று மீண்டார். மைல்ஸ் பின்னர் 1929ஆம் ஆண்டில் மீண்டும் வெற்றி பெற்றார் என்பதையும் மறத்தல் நியாயமன்று. டிமார் 1928ஆம் ஆண்டிலும், இறுதியாக 1930ஆம் ஆண்டிலும் முதலிடம் பெற்றார். அப்பொழுது அவருக்கு வயது நாற்பத்தொன்று. ஏழு வெற்றிகள் பெற்ற ஆடவர் வேறொருவரும் அவ்வோட்டத்தில் இன்றுவரை இலர். அத்துணை வயதில் அங்கு வென்ற ஆடவரும் பிறிதொருவர் இலர்.

அவர் மேற்கொண்ட பயிற்சி முறை யாது? அது அவருடைய அன்றாட வாழ்வோடு பின்னிப் பிணைந்ததாயிருந்தது. அச்சுக்கூடத்துக்கு அவர் ஓடியே செல்வார். ஓடியே வீடு திரும்புவார். மாற்றி அணிவதற்கு உலர்ந்த சட்டை ஒன்றைக் கையோடு கொண்டு செல்வது வழக்கம். பகலெல்லாம் எழுத்துக் கோத்தவர் மாலையிலே சாரணருக்கும் ஞாயிறு பாடசாலை மாணவருக்கும் ஆசானாயிருந்தார். 1929ஆம் ஆண்டு முதல் நியூ ஹம்சயரிலுள்ள கீன் நகர ஆசிரியர் கலாசாலையில் அச்சுத்தொழில் கற்பித்தார். நாற்பதைத் தாண்டியபின் பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் பட்டமும் பெற்றார். ஓட்டத்தினால் அவர் பொருளீட்டவில்லை. உழைப்பாளி ஒருவர் உழைப்புக்கிடையே மேற்கொண்ட ஒழுக்கமாகவே அது அமைந்தது. களைப்பு நேர்ந்தவிடத்து வேகத்தைக் குறைத்தாரேயன்றிப் பழக்கத்தை அறுத்துவிடவில்லை. முதியவரின் உடல் ஒரு கடும் போட்டியிலிருந்து மீள இளைஞரைக் காட்டிலும் கூடுதலான நாள் வேண்டும். இடைவிடாத மிதமான உழைப்பு அம்மீட்சிக்குத் துணைசெய்கின்றது என்பதை அவர் வாழ்ந்து காட்டினார்.

ஹாவாட் பல்கலைக்கழகத்திலே களைப்பை ஆராய்வதற்கென நிறுவப்பட்ட ஆய்வுகூடத்தில், டில் என்னும் அறிஞரும் அவர் துணைவரும் டிமாரை ஓடச் செய்து சோதித்தனர். பயிற்சியற்றோரின் குருதியில் இலக்றிக் அமிலம் விரைந்து மிகும் வேகத்திலும், அவருடைய குருதியில் அது மிகச் சிறிதே ஏறிற்று. பிறருக்கு மூச்சுத் திணறும் உழைப்பு அவருக்கு எளிய நடைபோல இருந்ததன் காரணம் ஓரளவு புலனாயிற்று.

1938ஆம் ஆண்டில், ஐம்பதை எட்டும் தறுவாயில், அவர் பொஸ்தனில் ஏழாவதாக வந்தார். 1954ஆம் ஆண்டிலே அறுபத்தைந்து வயதில் அவ்வோட்டத்தில் இறுதி முறையாகக் கலந்து, நான்கு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைந்த நேரத்தில் எல்லையை அடைந்தார். 1958ஆம் ஆண்டு யூன் மாதம் 11ஆந் திகதி, எழுபது வயது நிரம்பிச் சில நாட்களில், புற்றுநோயால் உயிர் நீத்தார். இளமையிலே மருத்துவர் அஞ்சிய இதயம் அவரைக் கைவிடவில்லை.

அந்த இதயத்தை மருத்துவர்கள் மீண்டும் ஒருமுறை நோக்கினர். குறென்ஸ் என்பாரும், அமெரிக்க சனாதிபதி ஐசனோவருக்கு இதயநோய் கண்டபோது சிகிச்சை அளித்த போல் டட்லி வைற் என்பாரும் தாம் கண்டவற்றை 1961ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இதயத்தசைக்குக் குருதியை வழங்கும் முடியுருநாடிகள் சாதாரண மனிதருடையவற்றைப் போல் இரு மடங்கு முதல் மும்மடங்கு வரை அகன்றிருந்தன. அந்நாடிகளில் முதுமைக்குரிய கொழுப்புப் படிவு ஓரளவு காணப்பட்டதாயினும், அவற்றின் அகலம் காரணமாகக் குருதியோட்டம் தடைப்படவில்லை.

இச்செய்தியிலிருந்து எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்பதிலேயே அறிவு வேண்டும். ஓர் இதயம் ஒரு சட்டமாகாது. டிமாரின் நாடிகள் பயிற்சியால் அகன்றனவோ, பிறவியிலேயே அகன்றனவோ என்பதை ஓர் உடலைக் கொண்டு துணிய முடியாது. 1970ஆம் ஆண்டுகளில் அமெரிக்க மருத்துவர் ஒருவர், மரதன் ஓடுவோரை முடியுருநாடி நோய் அணுகாது என்று வாதித்தார். அது பொருந்தாக் கூற்று என்பதைப் பின்வந்த மரணங்கள் காட்டின. ஓட்டத்தைப் பற்றிய நூலால் உலகப் புகழ் பெற்ற ஜிம் ஃபிக்ஸ் 1984ஆம் ஆண்டில், ஐம்பத்திரண்டு வயதில், ஓட்டத்தின்போதே இதயநோயால் மாண்டார். அவருடைய தந்தையும் இளவயதில் இதயநோய்க்கு இரையானவர். நெடுங்காலம் கடும் பயிற்சி செய்தோர் சிலரிடம் இதயத்துடிப்பின் ஒழுங்கு பிறழ்வது கூடுதலாகக் காணப்படுதலையும் அண்மைக்கால ஆய்வுகள் சுட்டுகின்றன. அன்று ஓடாதே என்று அச்சுறுத்தியவரும், பின்னர் ஓடினால் நோயில்லை என்று உறுதி கூறியவரும் ஒரே தவற்றையே இழைத்தனர். சிறு சான்றைக் கொண்டு பெரிய முடிவை நாட்டியதே அத்தவறு.

ஆயினும் ஐயமற நிலைபெற்ற உண்மைகளும் உள. உடல் ஒட்சிசனைப் பயன்படுத்தும் ஆற்றல், முப்பது வயதின்பின் பத்தாண்டுக்கு ஏறத்தாழப் பத்து வீதம் குன்றுகின்றது. பயிற்சியைக் கைவிடாதோரில் அத்தேய்வு பெரிதும் குறைகின்றது. இதனை மெய்ப்பித்தோர் டிமாருக்குப் பின்னும் தோன்றினர். முப்பத்திரண்டாம் வயதில் ஓடத் தொடங்கிய நியூசிலாந்து வீரர் ஜக் பொஸ்ரர், 1974ஆம் ஆண்டுப் பொதுநலவாய விளையாட்டு விழாவில், நாற்பத்தொரு வயதில், இரண்டாம் இடம் பெற்றார். போர்த்துக்கல் நாட்டுக் காளோஸ் லோப்பெஸ் 1984ஆம் ஆண்டில், முப்பத்தேழு வயதில், ஒலிம்பிக் மரதனை வென்றார். 1972ஆம் ஆண்டுவரை பொஸ்தன் ஓட்டத்தில் முறைப்படி இடம்பெறாதிருந்த பெண்களும் பின்தங்கினாரல்லர். முப்பது வயது கடந்தபின் ஓடத் தொடங்கிய ஆங்கில மாது பிறிசில்லா வெல்ச் 1987ஆம் ஆண்டில், நாற்பத்திரண்டு வயதில், நியூ யோர்க் மரதனில் முதலிடம் பெற்றார். கனடாவில் வாழ்ந்த எட் விற்லொக், தம் இல்லத்தருகே இருந்த இடுகாட்டுப் பாதையிலே நாள்தோறும் மணிக்கணக்காக மெல்ல ஓடிப் பயின்று, 2003ஆம் ஆண்டில் எழுபத்திரண்டு வயதில் மூன்று மணித்தியாலத்துக்குள் மரதனை நிறைவு செய்தார். எழுபதைக் கடந்தோருள் அதனை முதலிற் செய்தவர் அவரே.

இவர்களுள் எவரும் முதுமையை வென்றாரல்லர். டிமாரும் மெல்ல மெல்ல வேகம் குன்றியே அறுபத்தைந்தாம் வயதை அடைந்தார். அக்குன்றலை மறைக்கவும் முயன்றிலர். முன்பு முதல்வராக வந்த அதே பாதையில், பின்பு பலருக்குப் பின்னால் ஓடிவரவும் அவர் நாணவில்லை. முப்பத்துநான்கு முறை அவர் அப்பாதையில் ஓடியிருக்கின்றார். அவற்றுள் ஏழு முறையே வென்றார். எஞ்சிய இருபத்தேழு ஓட்டங்களுமே அம்மனிதரின் இயல்பை நன்கு உணர்த்துவன. இளமை நிலையாமையை மறுக்காது ஏற்றுக்கொண்டு, எஞ்சிய ஆற்றலை வீணாக்காது காத்து, இயன்றவரை நாடோறும் உழைத்தல் எவர்க்கும் ஆகுவதே. அவ்வுழைப்பின் அளவை மருத்துவரின் துணையோடும் தம் உடலின் குறிப்பை உணர்ந்தும் அறிந்துகொள்ளுதல் முதியோர் கடனாகும்.