வராமை என்ற செய்தி: ஒக்கிப் புயலை மறுபடி வாசித்தல்

பேரிடர் இயற்கையில் நிகழ்கிறது, செய்தி அதை எடுத்துச் சொல்கிறது என்ற வேலைப்பிரிவினையை நம்மில் பலரும் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டிருக்கிறோம். 2017 நவம்பர் 30இல் குமரிக்குத் தெற்கே கடலில் உருக்கொண்டு போன ஒக்கிப் புயல் (ஓகி என்றும் எழுதினார்கள், பெயரைக்கூட ஒழுங்காக முடிவுசெய்ய நம் பத்திரிகைகளுக்கு வாய்க்கவில்லை) இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க நல்ல பிரதி.

முதல் சில நாட்களின் செய்தி முழுக்க நிலத்தைப் பற்றியது. ரப்பர் சாய்ந்தது, வாழை ஒடிந்தது, ஆயிரக்கணக்கில் மின்கம்பங்கள் முறிந்தன. நான் நாஞ்சில் நாட்டின் உள்பகுதிக்காரன். எங்கள் பக்கமும் நாள்கணக்கில் கரண்டு இல்லை, எனவே அந்த நஷ்டம் பொய்யென்று சொல்லமாட்டேன். ஆனால் சாய்ந்த மரத்தைப் படமெடுக்கலாம், கம்பத்தை எண்ணலாம், இரண்டுக்கும் அதிகாரியிடம் பட்டியல் உண்டு. செய்தியின் ‘மாவட்டம்’ கடற்கரையோடு முடிந்துபோனது. தூத்தூர்க்காரனுக்கு மாவட்டமே அங்கேதான் தொடங்குகிறது. இன்னொன்று: கரண்டு இல்லாததால் எந்தச் சனங்களைப் பற்றிய செய்தியோ அந்தச் சனங்களால் அதைப் பார்க்கவும் முடியவில்லை. என்ன சொன்னாலும் மறுத்துப்பேச ஆளில்லை.

நீரோடி, மார்த்தாண்டந்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை என்று நீளும் அந்தக் கரையின் ஆட்கள் ஆழ்கடல் தொழில்காரர்கள். சுறாவுக்கும் சூரைக்கும் தூண்டிலோடு வாரக்கணக்கில் கடலில் கிடப்பவர்கள். அவர்களில் பலருக்குத் தொழில் துறைமுகம் கொச்சி. நவம்பர் 29இல் வானிலைத் துறை அறிவித்தது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். அது ‘புயல்’ ஆனது 30ஆம் தேதி, காற்று தலைக்கு மேல் வந்த பிறகு. படகிலிருக்கும் வயர்லெஸ்ஸோ கரையிலிருந்து சில பத்துக் கடல்மைல்களுக்கு அப்பால் எட்டாது. இந்நிலையில் ‘எச்சரிக்கையை மீறிக் கடலுக்குப் போனவர்கள்’ என்ற வாக்கியம் எப்படிச் சாத்தியமாகிறது? மீறுவதற்கு முதலில் காதில் விழ வேண்டாமா? ‘மீறி’ என்ற ஒற்றை வினையெச்சம் பொறுப்பைக் கரையிலிருந்து தூக்கிக் கடலில் போட்டுவிடுகிறது. இலக்கணம் அதிகாரத்துக்குச் செய்கிற சேவை இது.

நார்வே நாட்டு ஆய்வாளர்களான கால்டுங், ரூகே இருவரும் 1965இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். காங்கோ, கியூபா, சைப்ரஸ் நெருக்கடிகளை நார்வேப் பத்திரிகைகள் எப்படித் தந்தன என்று பார்த்து, எது செய்தியாகிறது என்பதற்குச் சில விதிகளைச் சொன்னார்கள். அவற்றில் ஒன்று காலம் பற்றியது. பத்திரிகையின் தாளகதிக்குள், ஒரு நாளுக்குள், தொடங்கி முடிகிற நிகழ்வே எளிதில் செய்தியாகும் என்பது அதன் சாரம். 2004 டிசம்பர் 26 சுனாமி அப்படிப்பட்டது. ஒரே காலைப்பொழுதில் குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் சனங்கள் செத்தார்கள், மணக்குடிப் பாலம் அடித்துப்போனது, விவேகானந்தர் பாறையில் சுற்றுலாப் பயணிகள் சிக்கினார்கள். (அந்தப் பாறைக்குக் கிடைத்த காட்சிமதிப்பு கொட்டில்பாட்டுக்குக் கிடைத்ததா என்பது தனிக் கேள்வி.) ஒக்கி இதற்கு நேரெதிர். படகு கவிழ்ந்ததைக் கரையிலிருந்து யாரும் பார்க்கவில்லை. நிகழ்ந்தது ஒரு ‘வராமை’. வராமைக்குத் தேதி கிடையாது, போட்டோ கிடையாது. இன்று வரவில்லை, நேற்றும் வரவில்லை என்பதை எந்த நிருபர் தலைப்பாக்குவார்? திவ்யபாரதி 2018இல் எடுத்த ஆவணப்படத்தின் பெயர் ‘ஒருத்தரும் வரேல’. கடலுக்குப் போனவன் வரேல, தேடவேண்டியவனும் வரேல என்று இரண்டு பக்கமும் வெட்டுகிற பேச்சு அது.

கணக்கு விஷயத்துக்கு வருவோம். காணாமல்போனோர் எண்ணிக்கையை அரசு ஒன்றாகவும் பங்குக் கோயில்கள் வேறொன்றாகவும் சொல்லின. பங்குப் பட்டியல் வீடுவீடாகப் பேர் கேட்டு எழுதியது. அரசுப் பட்டியலோ எல்லைகளை நம்பியது. கொச்சியிலிருந்து போன குமரிக்காரன் எந்த மாநிலத்துக் கணக்கு? படகிலிருந்த வெளிமாநிலத் தொழிலாளி எந்த ஊர்க் கணக்கு? 1956இல் போட்ட கோடு கடலுக்குள் எங்கே போகிறது என்று மீனுக்கும் தெரியாது, காற்றுக்கும் தெரியாது. பல பத்திரிகைகள் ஒரு நாள் ஒரு எண்ணையும் மறுநாள் இன்னொன்றையும் அச்சடித்தன. ஏன் மாறியது, எண்ணியவன் யார் என்று அபூர்வமாகத்தான் கேட்டன. எண் மாறுவதே அன்றைய பெரிய செய்தியென நான் நினைக்கிறேன்.

டிசம்பர் 7இல் அந்த ஊர்ச் சனங்கள், பெரும் எண்ணிக்கையில் பெண்கள், நடந்துபோய்க் குழித்துறை ரயில் நிலையத்தில் உட்கார்ந்தார்கள். ரயில்கள் மணிக்கணக்கில் நின்றன. இப்போது ‘நிகழ்வு’ கிடைத்துவிட்டது, கேமராவும் வந்தது. வராமையைச் செய்தியின் காலத்துக்குள் இழுத்துக் கொண்டுவந்தது அந்தப் பெண்களின் அரசியல் அறிவு. நிருபர்களின் கரிசனம் அல்ல. அதுவரை சென்னையில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல், டெல்லியில் குஜராத் தேர்தல். புயல் குஜராத் பக்கம் நகர்ந்து தேர்தல் கூட்டங்கள் ரத்தானபோதுதான் வடநாட்டு சேனல்களுக்கு ஒக்கி பெரிய செய்தி. டிசம்பர் 12இல் முதல்வர் பழனிசாமி வந்தார், 19இல் பிரதமர் மோடி வந்தார். வருகைகளுக்குத் தேதி உண்டு, ஆகவே அவை தவறாமல் பதிவாயின.

2015 டிசம்பர் வெள்ளத்தை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஊழியர்கள் அச்சகத்துக்குப் போய்ச்சேர முடியாமல் ‘தி இந்து’ சென்னையில் ஒருநாள் வெளிவரவில்லை. 1878இல் தொடங்கிய பத்திரிகைக்கு அதுவே முதல் தடவை. ஆசிரியர் வீட்டுப் படியில் தண்ணீர் ஏறியபோது பேரிடர் தன்மையிலேயே பேசப்பட்டது. வள்ளவிளை படர்க்கைதான். அவர்கள், மீனவர்கள், மாயமானவர்கள்.

‘மாயம்’ என்ற சொல்லுக்குச் சட்டத்திலும் ஒரு வேலை இருந்தது. அன்று நடப்பிலிருந்த இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவின்படி, ஒருவரைப் பற்றி ஏழாண்டு தகவல் இல்லையென்றால்தான் இறந்தவராகக் கொள்ள முடிந்தது. ஏழு வருசம் மனைவி விதவையுமல்ல, சுமங்கலியுமல்ல. பிள்ளைக்கு வாரிசுச் சான்றிதழ் இல்லை. குழித்துறையில் உட்கார்ந்தவர்களின் கோரிக்கைகளுக்குப் பின்னால் இந்த ஏழு வருசம் நின்றது. அவ்வளவு காலம் காத்திருக்க வைக்காமல் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டிவந்தது. நவம்பர் 30 வந்தால் அந்தக் கரையின் கோயில்களில் நினைவுத் திருப்பலி நடக்கிறது. எந்த நாளில், எந்த இடத்தில் என்று தெரியாத சாவுகளுக்கு, புயலின் தேதியையே சனங்கள் எடுத்துக்கொண்டார்கள்.