கிளிநொச்சி வரியில் பூச்சியம்: பூநகரியின் நோய்க்கணக்கும் அனர்த்த ஆயத்தமும்

தொற்றுநோயியல் பிரிவு வாரந்தோறும் வெளியிடும் அறிவித்தற்குரிய நோய்களின் அட்டவணையில் கிளிநொச்சி மாவட்டத்துக்கு ஒரேயொரு வரி உண்டு. அதிலுள்ள எண்கள் சிறியவை. பல நோய்களுக்குப் பல வாரங்களில் பூச்சியமே காணப்படும். வன்னியின் அனர்த்தகாலச் சுகாதாரம் பற்றி எழுதியவர்களில் ஒரு சாரார் இவ்வரியிலிருந்து இரண்டு முடிவுகளை எடுத்துவந்துள்ளனர். எண் சிறியது, ஆகவே நோய்ச்சுமை சிறியது என்பது ஒன்று. அறிக்கை உரிய காலத்தில் வந்து சேர்கிறது, ஆகவே உள்ளூர்ச் சுகாதாரப் பணிமனை ஆயத்தமாக இருக்கிறது என்பது மற்றையது. பூநகரியை வைத்துப் பார்க்கும்போது இரண்டும் நிற்கமாட்டா என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அட்டவணையின் அமைப்பிலிருந்தே தொடங்கலாம். ஒவ்வொரு நோய்க்கும் இரண்டு நிரல்கள்: நடப்பு வாரத்தில் அறிவிக்கப்பட்டவர்கள், ஆண்டுத் தொடக்கத்திலிருந்து திரண்ட தொகை. வரியின் முடிவில் இரண்டு நூற்றுவீதங்கள்: உரிய காலத்தில் வந்த அறிக்கைகள், மொத்தத்தில் வந்த அறிக்கைகள். ஆய்வாளர்கள் கூர்ந்து பாராத இவ்விரு நிரல்களில்தான் விடயம் இருக்கிறது. கரைச்சி, கண்டாவளை, பூநகரி, பச்சிலைப்பள்ளி என நான்கே சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகள் கொண்ட மாவட்டத்தில் இந்த வீதம் 100, 75, 50, 25, 0 என்ற ஐந்து பெறுமானங்களை மட்டுமே எடுக்க முடியும். பதினைந்து அலகுகள் உள்ள மாவட்டமொன்றில் ஒரு பணிமனையின் அறிக்கை தவறினால் வீதம் 93 ஆகும். அதை யாரும் பொருட்படுத்துவதில்லை, பெரும்பாலும் பொருட்படுத்தத் தேவையுமில்லை. கிளிநொச்சியில் 75 என்றால் ஒரு முழுப் பிரதேசம் கணக்கில் இல்லை என்று பொருள். அது எந்தப் பிரதேசம் என்பதை அட்டவணை சொல்லாது. வராத அலகு, கூட்டலில் பூச்சியத்துக்குச் சமமாகிவிடுகிறது. பிந்தி வந்த அறிக்கை திரண்ட தொகையில் பின்னர் சேரலாம். வெள்ளம் நிற்கும் வாரத்தில் முடிவெடுக்க வேண்டியவருக்கு அதனால் பயனில்லை. பூநகரி ஊடாகச் செல்லும் ஏ-32 வீதியின் மேலாக வெள்ளம் பாயும் வாரத்தில் எந்தப் பணிமனையின் அறிக்கை தவறுவதற்கு வாய்ப்பு அதிகம் என்று ஊகிக்கப் பெரிய புலமை வேண்டியதில்லை.

வீதம் 100 ஆக இருக்கும் வாரங்களைப் பற்றியே எனக்குக் கூடுதல் ஐயம். நோயாளி எவரும் இல்லாவிட்டாலும் பூச்சிய அறிக்கை அனுப்பியாக வேண்டும் என்பது விதி. ஆகவே ‘100, பூச்சியம்’ என்ற சேர்க்கையை ‘தேடினார்கள், நோய் இல்லை’ என்று வாசிக்கப் பழகியிருக்கிறோம். அந்தப் பூச்சியம் உண்டாகும் வழியைக் கிட்டநின்று பார்ப்போம். பூநகரியின் கிராஞ்சியில் ஒருவருக்குக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் கடையில் பனடோல் வாங்குவார்; குறையாவிட்டால் வேரவிலுக்கோ முழங்காவிலுக்கோ போவார். அங்கே வெளிநோயாளர் பிரிவில் மருந்தெடுத்துத் திரும்பினால், சந்தேக நோய்க்கும் அறிவித்தல் உண்டு என்ற விதி இருந்தபோதும், நெரிசல் நேரத்தில் அறிவித்தல் அட்டை எழுதப்படுவது அரிது. விடுதியில் அனுமதித்தால் எழுதப்படும். நிலைமை மோசமாகிச் சங்குப்பிட்டிப் பாலம் கடந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போனால், அட்டை அங்கிருந்து புறப்பட வேண்டும். அதில் எழுதப்படும் முகவரி நோயாளியோ கூட வந்தவரோ சொன்ன முகவரி. பலமுறை இடம்பெயர்ந்த சமூகத்தில் ஒருவருக்கு இரண்டு முகவரி இருப்பது இயல்பு. யாழ்ப்பாணத்து உறவினர் வீட்டு முகவரியைச் சொல்லிவிட்டால் அட்டை அந்தப் பிரிவுக்குப் போகும். சரியான பணிமனைக்கு வந்து, தொற்றுநோய்ப் பதிவேட்டில் ஏறி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மோட்டார் சைக்கிளில் போய் வீட்டைக் கண்டுபிடித்து நோயை உறுதிசெய்த பின்னரே அது பூநகரியின் நோயாகிறது. இத்தனை கைகளில் ஏதேனும் ஒன்று தவறினாலும் விளைவு பூச்சியந்தான்; அதுவும் உரிய காலத்தில் அனுப்பப்பட்ட, நூறு வீதம் முழுமையான பூச்சியம்.

உண்ணிக்காய்ச்சல் நிரல் இதற்கு நல்ல சான்று. இந்நோயில் யாழ்ப்பாண வரி நாட்டின் ஏனைய வரிகளைவிட நெடுங்காலமாக மேலோங்கி நிற்கிறது. கிளிநொச்சி வரி அதற்கு வெகு கீழே. இந்த வேறுபாட்டை மண், பற்றைக்காடு, கால்நடை ஆகியவற்றால் விளக்குவது வழக்கமாகிவிட்டது. சூழலியல் வேறுபாடு எதுவுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் குடாநாட்டையும் பூநகரியையும் பிரிப்பது ஒரு களப்பு. 1984 வரை இரண்டும் ஒரே மாவட்டம். 2011 ஜனவரியில் பாலம் திறந்தபின் இடையிலுள்ள தூரம் சில நூறு மீற்றர். உண்ணி மாவட்ட எல்லை பார்த்துக் கடிப்பதில்லை. எல்லையில் உண்மையாகவே மாறுவது வேறொன்று: போதனா வைத்தியசாலையும் மருத்துவ பீடமும் ஆய்வுகூடமும், காய்ச்சலோடு வருபவரின் உடலில் உண்ணி கடித்த கருவடுவைத் தேடிப்பார்க்கப் பழகிய வைத்தியர்களும் ஒரு கரையில் இருக்கிறார்கள். ஆகவே வேறுபாட்டின் பெரும்பகுதி நோயறியும் வசதியின் வேறுபாடு என்றே கருதுகிறேன். இதை இறுதியாக நிறுவ இரு கரைகளிலும் ஒரே முறையில் குருதிப் பரிசோதனை வேண்டும். அது வரும்வரை, சூழலியல் விளக்கத்தை மட்டும் நிரூபணம் கேட்காமல் ஏற்றுக்கொள்வதற்கு நியாயமில்லை.

சனத்தொகை குறைந்த பிரதேசத்தில் ஒரு வாரத்தில் நோயாளி எவரும் இல்லாதது புள்ளியியலின்படி இயல்பே என்ற எதிர்வாதம் உண்டு. சரி. ஏறத்தாழ இருபதாயிரம் பேர் வாழும் இடத்தில் வாரக் கணக்கு பூச்சியத்துக்கும் இரண்டுக்கும் இடையில் ஆடும். அப்படியானால் அந்த எண்ணால் நோயின்மையையும் அறியாமையையும் பிரித்துக் காட்ட முடியாது என்றாகிறது. இந்த எதிர்வாதம் என் பக்கமே சாய்கிறது. இப்போது அறிக்கைகள் இணையவழி போவதால் குறை நீங்கிவிட்டது என்பது இன்னொரு வாதம். இணையம் அட்டையை வேகமாகக் கொண்டுபோகும். எழுதப்படாத அட்டையை எழுதாது.

2024 நவம்பர் இறுதியில் பெய்த பெருமழைக்குப் பின் யாழ்ப்பாணத்தில் நடந்தது நினைவிருக்கும். முதலில் ‘மர்மக் காய்ச்சல்’ என்று பத்திரிகைகள் எழுதின. மரணங்கள் தொடர்ந்த பின், டிசெம்பரில் அது எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. எச்சரிக்கை வாராந்த வரியிலிருந்து வரவில்லை; விடுதிகளில் நேர்ந்த மரணங்களிலிருந்து வந்தது. ஆய்வுகூடம் அருகிலிருந்த இடத்திலேயே நிலைமை இதுவென்றால் பூநகரியில் எப்படி இருக்கும்? இங்கே விதைப்பு முறையும் கவனிக்கத் தக்கது. மொட்டைக்கறுப்பன் நெல் விளைந்த இந்த மானாவாரி நிலத்தில் காலபோகம் பெரும்பாலும் மழைக்கு முன்னரான புழுதி விதைப்பு. சேற்றில் இறங்கி உழுது விதைக்கும் தெற்கின் பயிர்நாட்காட்டியைப் பார்த்து எலிக்காய்ச்சல் தடுப்புக்கான டொக்சிசைக்ளின் மாத்திரையை விதைப்புக் காலத்தில் மட்டும் கொடுத்தால், விவசாயி தண்ணீரில் நிற்கும் கார்த்திகை, மார்கழியில் மாத்திரை கையில் இராது. இதை எந்த வரியும் காட்டாது. கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் ஒரு மணிநேரம் இருந்தால் தெரிந்துவிடும்.

எனில், ஆயத்தத்தை எதைக்கொண்டு அளப்பது? 2017 ஜூனில் இலங்கையில் நடந்த சர்வதேசச் சுகாதார ஒழுங்குவிதிகளின் கூட்டு வெளிமதிப்பீடு நாட்டு மட்டத்துக்கானது; அதன் கண்ணுக்குப் பூநகரி எட்டாது. எட்டக்கூடியது, 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதார அலகு முறையின் அடித்தளமான குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேடு. எந்த வீட்டில் கர்ப்பிணி, பிரசவத் திகதி எப்போது, எந்தப் பிள்ளைக்கு நிறை குறைகிறது என்பது பெயரோடும் பாதையோடும் அதில் உள்ளது. வெள்ளம் வருமுன் யாரை எங்கே ஏற்றி வைத்தியசாலைக்கு அருகில் கொண்டுவர வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பட்டியலைப் பிரதேச செயலகமோ அனர்த்த முகாமைத்துவப் பிரிவோ வைத்திருப்பதாக நான் கருதவில்லை. அதன் எல்லைகளும் தெளிவானவை. தாய்க்கும் பிள்ளைக்கும் தகுதியுள்ள குடும்பங்களுக்கும் அப்பால், தனித்து வாழும் முதியவரும் கரைவாடியில் தங்கும் தொழிலாளியும் அதில் இல்லை. வெற்றிடமான பிரிவைப் பக்கத்துப் பிரிவுக்காரர் பதில் கடமையாகப் பார்க்கும்போது பதிவேடும் மெலிந்துபோகும். இருந்தும் அதன் வெற்றிடம் வெற்றிடமாகவே தெரியும். பூச்சியமாக மாறி மறையாது.

குறைந்த எண்ணை வெறுமையாக வாசிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பூநகரி ஒருமுறை கண்டிருக்கிறது. கொவிட்டால் இறந்தவர்களைக் கட்டாயமாகத் தகனம் செய்யும் கொள்கை 2021 பெப்ரவரி இறுதியில் கைவிடப்பட்டது. மார்ச் 2ஆம் திகதி, அடக்கம் செய்வதற்குரிய இடமாகப் பூநகரிப் பிரிவிலுள்ள இரணைதீவை அரசாங்கம் அறிவித்தது. மக்கள் மிகக் குறைவாக வாழும் இடம் என்பதே சொல்லப்பட்ட காரணம். அந்தத் தீவின் மக்கள் 1992இல் இடம்பெயர்ந்து கரையிலுள்ள இரணைமாதாநகரில் கால்நூற்றாண்டு காத்திருந்து, 2018 ஏப்ரலில் தாங்களே படகேறித் திரும்பியவர்கள். அவர்களில் பலருக்குத் தொழில் தீவிலும் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் கரையிலுமாக இருந்தது. கரையின் கணக்கில் எண்ணப்பட்டவர் தீவின் கணக்கில் குறைவார். அதனால் தீவு வெறுமையாகிவிடாது. குருமாரும் மீனவரும் எதிர்த்தனர். சில நாட்களுக்குள் அடக்கம் ஓட்டமாவடியில் தொடங்கியது. அந்த முடிவுக்கும் வாராந்த அட்டவணைக்கும் நேரடித் தொடர்பு இருந்தது என்று நான் வாதிடவில்லை. இரண்டிலும் வேலை செய்தது ஒரே வாசிப்புப் பழக்கம் என்கிறேன். தங்களுடைய உறவுகளை மண்ணில் அடக்க ஏறத்தாழ ஓராண்டு காத்திருந்த முஸ்லிம் குடும்பங்களையும், கால்நூற்றாண்டுக்குப் பின் மண்ணுக்குத் திரும்பிய இரணைதீவு மக்களையும் அந்தப் பழக்கம் சில நாட்களுக்கு எதிரெதிரே நிறுத்தியது. பொதுச் சுகாதாரத் துறைக்கு இதைவிடப் பெரிய தோல்வி வேண்டியதில்லை.

டித்வா புயலுக்குப் பின்னர் அனர்த்தத் திட்டங்கள் மீண்டும் எழுதப்பட வேண்டிய காலம் இது. தொற்றுநோயியல் பிரிவிடம் கேட்பது பெரிய செலவுக்குரியதல்ல: மாவட்ட வரியின் கீழ் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளைத் தனித்தனியே அச்சிடுங்கள், அறிக்கை வராத அலகின் கட்டத்தில் எண் போடாமல் ‘வரவில்லை’ என்று எழுதுங்கள்.