மூளை நீர்க்கட்டி, தற்செயலாகத் தென்படுவது

தலைவலிக்கோ பைக்கிலிருந்து விழுந்ததற்கோ எடுக்கும் ஸ்கேனில், தேடாமலே தட்டுப்படும் நீர் நிறைந்த பை. ரிப்போர்ட்டில் ‘கட்டி’ என்றதும் வீடே புற்றுநோய் என்று கலங்கும். பெரும்பாலும் அது அல்ல.

அரக்னாய்டு நீர்க்கட்டி பலருக்குப் பிறவியிலேயே இருப்பது. பீனியல் நீர்க்கட்டியும் பெரும்பாலும் சாதுவானது. தொந்தரவு இல்லையென்றால் அறுவை தேவைப்படுவதில்லை. மூன்றாம் மூளை அறையில் வரும் கொலாய்டு நீர்க்கட்டி வேறு ரகம். சிறிதாக இருந்தாலும் மூளைநீரின் பாதையை அடைத்துவிடக்கூடும். நரம்பியல் அறுவை மருத்துவரைத் தாமதமின்றிப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இன்னொன்றையும் நினைக்க வேண்டும்: நாடாப்புழுவின் இளம்பருவம் மூளையில் தங்கும் நியூரோசிஸ்டிசெர்கோசிஸ். வேலூர் சி.எம்.சி.யில் வேதாந்தம் ராஜசேகர் குழுவினர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்துள்ளனர். பன்றிக்கறி தொடாதவருக்கும் இது வரும். புழுமுட்டை கலந்த தண்ணீரோ, கழுவாத பச்சைக் காய்கறியோ, புழு உள்ளவரின் கழுவாத கையோ போதும். வலிப்பே இதன் முக்கிய அடையாளம். அல்பெண்டசோல் மருந்துக்கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று தானாக விழுங்குவது ஆபத்து: புழு சாகும்போது மூளை வீங்கலாம், கண்ணில் புழு இருந்தால் பார்வையே போகலாம்.

விழுப்புரம் மாவட்டக் குயிலாப்பாளையத்தாருக்கு அருகிலுள்ள பெரிய மருத்துவமனை புதுச்சேரி கோரிமேட்டு ஜிப்மர். மாவட்டத்துக்குள் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. வாந்தியோடு கடும் தலைவலி, வலிப்பு, பார்வை மங்கல், நினைவு தடுமாற்றம் இருந்தால் அன்றே கிளம்புங்கள். கொலாய்டு நீர்க்கட்டி இல்லாத மற்றவர்கள் நாள் குறித்துப் போகலாம். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படத்தையும் சி.டி.யையும் கொண்டு போங்கள். கட்டி வளர்ந்ததா என்பது பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.