கடவுள் யாருக்கெல்லாம் தன்னை வெளிப்படுத்தினார்? திருத்தணி ராதாகிருஷ்ணனின் ஆசிரியர் சொன்ன பதில்

முருகன் மலைக்கோயிலுக்குப் பெயர்பெற்ற திருத்தணியில் 1888-ல் பிறந்தவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். ஆசிரியர் தினத்தால் நமக்குத் தெரிந்தவர். ஆனா, கிறிஸ்தவ இறையியலின் பெரிய விவாதம் ஒன்றோடு அவருக்கும் தொடர்பு உண்டு. அதுதான் 'இறைவெளிப்பாடு'.

அப்படின்னா என்ன?

மனிதன் தன் அறிவால் மட்டும் கடவுளை முழுசா அறிய முடியாது. கடவுளே தன்னைத் தெரியப்படுத்த வேண்டும். இதையே வெளிப்பாடு என்கிறார்கள். பைபிளின் கடைசிப் புத்தகமான 'வெளிப்படுத்தின விசேஷம்' வேறு, இந்தக் கோட்பாடு வேறு.

எத்தனை வகை?

* பொது வெளிப்பாடு: இயற்கை, மனசாட்சி வழியாக எல்லோருக்கும் கிடைப்பது.
* சிறப்பு வெளிப்பாடு: இஸ்ரவேலின் வரலாறு, தீர்க்கதரிசிகள், பைபிள் வழியாக வருவது. இதன் உச்சம் இயேசு கிறிஸ்து.

சிக்கல் எங்கே?

பைபிளையே அறியாத ஒருவர் கோயிலில் மனமுருகி வேண்டுகிறார். அவரிடம் கடவுள் பேசுவாரா, மாட்டாரா?

ராதாகிருஷ்ணன் படித்தது வேலூர் ஊரிஸ் கல்லூரி, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி என மிஷனரி நிறுவனங்களில்தான். இந்து சமயம் மீது அங்கே கேட்ட விமர்சனங்களே அதை ஆழமாகப் படிக்கத் தூண்டின என்று அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். வேதாந்தத்தின் அறநெறி பற்றி எம்.ஏ. படிப்புக்காக அவர் எழுதிய ஆய்வுரை 1908-ல் வெளியானது. அதைப் பாராட்டியவர் அவரது ஆசிரியர், ஸ்காட்லாந்து மிஷனரி ஏ.ஜி. ஹாக்.

தாம்பரத்தில் நடந்தது என்ன?

1938 டிசம்பரில் உலக மிஷனரி மாநாடு தாம்பரத்தில், கிறிஸ்தவக் கல்லூரியின் புதிய வளாகத்தில் கூடியது. கிறிஸ்துவில் வந்த வெளிப்பாடு தனித்தன்மை கொண்டது, மற்ற மதங்களின் தொடர்ச்சியாக அதைப் பார்க்க முடியாது என்றார் டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர். ஹாக் இதை அப்படியே ஏற்கவில்லை. கிறிஸ்து தனித்துவமானவர் என்பதில் அவருக்கும் சந்தேகம் இல்லை. ஆனா, பிற மதத்தவரின் உண்மையான பக்திக்கும் கடவுள் செவிசாய்க்கிறார் என்றார்.

இப்போது நிலை என்ன?

பிற மதங்களில் உள்ள உண்மையான, புனிதமான எதையும் ஒதுக்குவதில்லை என்று 1965-ல் கத்தோலிக்கத் திருச்சபை, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் அறிவித்தது. இறைவெளிப்பாடு கிறிஸ்துவில் நிறைவடைகிறது என்பதையும் அதே ஆண்டு உறுதிசெய்தது. புராட்டஸ்டன்ட் சபைகளில் கிரேமர் பக்கமும் ஹாக் பக்கமும் இன்றும் ஆட்கள் உண்டு.

முதல் அடி எடுத்து வைப்பவர் கடவுள்தான் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அவர் யார் வீட்டு வாசல் வரை வருகிறார் என்பதில்தான் வாதம்.